வேகாத வெள்ளைக்கல்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு மலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நானும் அங்கே பிறந்தவள்தான், அதனால் துணிந்து சொல்கிறேன். கிணற்றுக்கட்டில் ஏறி நின்றால் அயல் முழுக்கத் தெரிகிற தட்டை நிலம் அது. ஆனால் கல்லைப் பற்றிக் கேட்டுப் பாருங்கோ, எல்லாம் கரைத்துக் குடித்தவர்கள் மாதிரிக் கதைப்போம். எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல் வருகிற ஊரல்லவா! அந்த எண்ணந்தான் என் அப்பாவைக் கவிழ்த்தது.

ஐம்பதுகளின் நடுவில் குளத்துக்குக் கீழே வயற்காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிவந்தார். உடையார்கட்டுக்கு அப்பால், புதிதாகக் காடு வெட்டிய இடம். மண் சுவரும் தென்னோலைக் கிடுகுக் கூரையுமாக ஒரு வீடு. எனக்குப் பதினைந்து வயது, தங்கைக்கு ஆறு. முதல் மாரியிலேயே தங்கையைத் தேள் கொட்டிவிட்டது. மண் நிறச் சுவரில் மண் நிறத் தேள், ஆர் கண்டது? பிள்ளை இரண்டு நாள் துடித்தாள். மூன்றாம் நாள் அவள் எழும்பிக் கஞ்சி குடித்த பிறகு, அம்மா அப்பாவிடம் வந்து நின்றா.

"அடுத்த மாரிக்கு முதல் இந்தச் சுவருக்கு வெள்ளை அடியுங்கோ. வெள்ளைச் சுவரெண்டால் ஊருறது கண்ணுக்குத் தெரியும். இல்லையெண்டால் நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போறன். நீங்கள் உங்கடை காணியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ."

அம்மா வெருட்டுகிற ஆள் இல்லை, சொன்னால் செய்வா. எனக்கோ அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. குளத்துக் காற்றும், வேலியில்லாத வெளியும், அயலட்டையின் வம்பு, விடுப்புக் கதை இல்லாத நிம்மதியும்! ஊருக்குத் திரும்பினால் பெரியம்மா வீட்டுக் கோடிக்குள் ஒடுங்கவேண்டும். அதனால் நான் அப்பாவின் கட்சி.

பளையிலிருந்து லொறியில் சுண்ணாம்பு எடுப்பித்திருக்கலாம். அப்பாவின் மானம் விடவில்லை. "சுண்ணாம்புக்குக் கடையிலை போய் நிக்கிறதோ? காட்டுக்குள்ளை மலையே கிடக்குதாம்!" என்றார். ஆவணி மாதம் ஒரு விடிய, பக்கத்துப் பழைய ஊர்க்காரர் ஒருவரின் மாட்டுவண்டியில் எல்லோரும் வெளிக்கிட்டோம். அரைநாள் வழி.

காடு தொடங்குகிற இடத்தில் வண்டிக்காரர் இறங்கி, ஒரு பச்சைக் குழையை முறித்து மரக்கொப்பில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்கு அப்படி முறி கட்டாமல் போகமாட்டார்கள். அப்பாவும் ஒன்று முறித்தார். அவர் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் ஒன்று முறித்துத் தொங்கவிட்டா. அவா கேட்டதும் தெரியும். ஒரே கொப்பில் இரண்டும் ஆடின. பிள்ளையார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய மலை என்று எண்ணிவிடாதேயுங்கோ. கோயில் கோபுரம் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்த உயரந்தான். ஆனால் தட்டை நிலத்தில் வளர்ந்த எனக்கு மூச்சு வாங்கியது. கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாய்க் கல், கரைச் சேலைகளை மடித்து அடுக்கிவைத்த மாதிரி. வெயில் பட்ட இடமெல்லாம் காக்காய்ப்பொன் மினுங்கியது. கல்லிலேயே படி வெட்டியிருந்தார்கள். நடுப்பகுதி தேய்ந்து குழிவிழுந்த படிகள். எத்தனை காலம், எத்தனை பேர் ஏறியிருப்பார்கள்? செங்கல் துண்டுகள் காலில் இடறின.

மேலே ஒரு குகை. வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருந்தது. வழிகிற மழைத்தண்ணீர் உள்ளே வராமல் வெளியே சொட்டுவதற்காம். அதன் கீழே எழுத்துக்கள். எங்களில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. எனக்கு எழுத்தைவிட அந்த விளிம்புதான் மனதைத் தொட்டது. இந்த மாரிக்குப் பயந்தவர்கள் எங்களுக்கு முன்னும் இருந்திருக்கிறார்கள். அவர்களும் ஓடிப்போகாமல் இருந்துதான் பார்த்திருக்கிறார்கள். உட்சுவரில் அங்கங்கே பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தா. என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டா. வெற்றிலைச் சுண்ணாம்பு இல்லாமல் வாய் நமநமக்குது போலை என்று நான் சிரித்தேன்.

அப்போதுதான் வெளியே அப்பா கத்தினார். "ஓடி வாருங்கோ! கண்டுபிடிச்சிட்டன்!"

பாறையைக் கிழித்துக்கொண்டு ஒரு முழ அகலத்தில் பால்போல வெள்ளைக்கல் ஓடியது. உடைந்த துண்டுகள் சரிவு முழுக்கக் கிடந்தன.

வண்டிக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது சுண்ணாம்பாய் வேகுமோ தெரியாது அண்ணை. நாங்கள் சாணியாலை மெழுகிற ஆக்கள்."

"கல்லைப் பற்றி எங்களுக்கோ சொல்லுறீர்? நான் சுண்ணாம்புச் சூளைக்குப் பக்கத்திலை வளந்தவன்!" என்றார் அப்பா.

அம்மா கல்லை ஒருக்கால் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பி நடந்தா. வண்டி நிறையக் கல் ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்பா பிறகும் இரண்டு தரம் போய் ஏற்றினார்.

முற்றத்தில் சூளை எழும்பியது. விறகு ஒரு அடுக்கு, கல் ஒரு அடுக்கு. மூன்று நாள் எரித்தோம். விறகு சுமந்து என் தோள் உரிந்துபோயிற்று. உள்ளே கல் படார் படார் என்று வெடித்த ஒவ்வொரு முறையும் அப்பா, "வேகுது, வேகுது" என்றார். வானத்தில் கருமுகில் கூடத் தொடங்கியிருந்தது. ஆறவிட்டுப் பிரித்து, அப்பா ஒரு வாளி தண்ணீரை ஊற்றினார். வெந்த சுண்ணாம்புக்கல் என்றால் தண்ணீர் பட்டதும் சீறிப் புகைந்து மாவாகக் கொட்டும். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். தண்ணீர் கல்லைக் கழுவிக்கொண்டு பேசாமல் கீழே ஓடியது. கல் முந்தியதைவிட வெள்ளையாய்க் கிடந்தது.

பின்னாளில் நான் ஆசிரியையாகிப் பிள்ளைகளுக்குக் கல் வகை படிப்பித்தபோதுதான் விளங்கியது. யாழ்ப்பாணத்துக் கல் கடலில் செத்த உயிர்களின் ஓடுகள் சேர்ந்து இறுகியது. அந்த மலையோ பூமிக்குள் எப்போதோ வெந்து முடிந்த, சுண்ணாம்பே இல்லாத கல். வெந்ததை எத்தனை தரம் வேகவைத்தாலும் அது என்ன ஆகப்போகிறது? அன்றைக்கு இது ஒருவருக்கும் தெரியாது. அப்பா சாம்பலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். முகம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆரையும் பார்க்காமல், "சரி. ஊருக்குப் போவம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அடுப்படிக் குசினிக்குள் போனா. மூட்டை கட்டத்தான் போகிறா என்று நினைத்தேன். வெற்றிலை வைக்கும் ஓலைக் கொட்டப்பெட்டியோடு திரும்பி வந்தா. அதற்குள்ளிருந்து ஒரு சாந்துத் துண்டை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தா. சாந்துக்குள் பாதி வெந்த ஒரு மட்டிச் சிப்பி பதிந்திருந்தது.

"மலைக் குகையிலை இருந்தது. அந்தக் காலத்து ஆக்கள் கடற்கரையிலையிருந்து சிப்பி கொண்டுபோய்ச் சுட்டிருக்கினம். முல்லைத்தீவுக் கரையிலை குவிஞ்சு கிடக்கும். வண்டியைக் கட்டுங்கோ."

அப்பா அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப அண்டைக்கே ஏனப்பா சொல்லேல்லை?"

"சொன்னால் சுவர் வெள்ளையாகியிருக்கும். நான் போகவேணும் எண்டு இருந்தனான்."

எனக்கு வந்த கோபம்! உரிந்த தோளோடு அவாவைச் சுட்டுவிடுகிற மாதிரிப் பார்த்தேன். அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. மெல்லிய குரலில், "இப்ப?" என்று கேட்டார்.

அம்மா சூளையடிக்குப் போனா. சூளைக்குள் கிடந்த வெள்ளைக்கல் ஒன்றைக் காலால் தட்டிப் பார்த்தா.

"இதுகளை வீணாக்காதேயுங்கோ. கிணத்தடி வரைக்கும் பாதையாய்ப் பதிச்சு விடுங்கோ. மாரிக்குச் சேறு உழக்கிக்கொண்டு திரிய என்னாலை ஏலாது."