மலர் அன்ரி சுடாமல் விட்ட தோட்டா

முதல் பனி விழுந்த அன்று, கணிதப் பாடத்தின் நடுவில் அப்பா எனக்குப் போன் எடுத்தார். பாடசாலை நேரத்தில் அப்பா எனக்கு எடுக்கவே மாட்டார். பாடசாலைதான் அப்பாவுக்கு எடுக்கும், என்னைப் பற்றி முறையிட. அதனால் நடைபாதைக்கு ஓடிப்போய், போனைக் காதில் வைத்ததும் வைக்காததுமாக, "நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா" என்றேன். அப்பா சொன்னார்: "மலர் அன்ரி வேலையிலை விழுந்திட்டா தம்பி. ஆம்புலன்ஸ் வர முன்னமே முடிஞ்சுது."

ஒஸ்லோ முழுவதும் பனிக்கால டயர் மாற்ற வரிசையில் நிற்கிற நாள் அது. டயர்க் கடையில் வேலை செய்த மலர் அன்ரி, "அண்டைக்கு நான் லீவு கேட்டால் முதலாளி அழுதிடுவான்" என்று சொல்லிச் சிரிப்பார். அன்று முதலாளி உண்மையாகவே அழுதாராம். வரிசையில் நின்ற கார்களைத் திருப்பி அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினாராம்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டவள் சிந்துஜா. மலர் அன்ரியின் ஒரே மகள், என் வகுப்புக்காரி, ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் எங்களுக்கு மேல்மாடி. "மலருக்கே மலரா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அம்மா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தடவை என்று அவளுடைய அப்பா சொன்னார். ஆகவே இதை என் வாய்த்துடுக்கோடேயே எழுதுகிறேன். கண்ணீர்க் கவிதை வேண்டுபவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

உங்களில் பலருக்கு அவர் கோயில் சமையலறையில் மோதகம் பிடிக்கிற மலர். எங்கள் கட்டடத்துப் பெடியளுக்கு அவர் குண்டு அன்ரி. பெயர் வைத்தவன் நான். ஆள் ஒல்லி. பலமாகக் காற்றடித்தால் யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். அவர் குண்டு வார்க்கிறவர் என்பதால்தான் அந்தப் பெயர். நகரத்தின் ஓரத்துக் காட்டில் இருக்கிற துப்பாக்கிச் சங்கத்தில் அவர் உறுப்பினர். கையில் அனுமதிப் பத்திரம், தோளில் ஒரு பழைய சின்ன ரைபிள். குண்டைக் கடையில் வாங்காமல் தானே செய்வார். பழைய கார்ச் சில்லுகளின் சமநிலைக்காக ஒட்டுகிற ஈயத் துண்டுகள், டயர் மாற்றும்போது கழன்று விழும். முதலாளியின் அனுமதியோடு அவற்றைச் சேர்த்து, சனிக்கிழமைகளில் கடையின் பின்கதவை அகலத் திறந்துவைத்து, இரும்புச் சட்டியில் உருக்கி, அச்சில் வார்ப்பார். முழங்கை வரை தோல் கையுறை, முகத்துக்குக் கண்ணாடி மூடி. அச்சைத் திறந்தால் உலர்ந்த துவாயின் மேல் பளபளவென்று ஒரு குண்டு விழும். பிறகு வெடிமருந்து அளந்து போட்ட பித்தளைக் கோதில் அதைப் பொருத்தினால் தோட்டா.

"தண்ணிப் போத்திலோடை உள்ளுக்கு வராதை. ஒரு துளி விழுந்தாலும் ஈயம் எழும்பிப் பாயும்" என்று வாசலிலேயே மறிப்பார். எனக்கு அனுமதி வாசல்வரைதான். ஆறிய குண்டுகளை ஒவ்வொன்றாக விளக்கின் கீழ் உருட்டிப் பார்ப்பார்.

"சுருக்கம் விழுந்ததெல்லாம் திரும்பச் சட்டிக்கை."

"அப்ப எங்கடை அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு வரவோ அன்ரி?"

"முதல் உன்ரை வாயைக் கொண்டு வா. அதுதான் கனக்க உருக்கவேணும்."

ஒருநாள் அவர் கை கழுவப் போன நேரம், வெள்ளிப் பூச்சுப் பூசிய இனிப்பு ஒன்றை அந்தக் குண்டுகளுக்கு நடுவில் வைத்தேன். அச்சு அசல் குண்டு. திரும்பி வந்தவர் வழக்கம்போல ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். என் குண்டு வந்ததும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இது பாரம் காணாது. வச்ச ஆளைப் போல" என்று குப்பைக் கூடையில் போட்டார். பிறகுதான் முகத்தைத் தூக்கினார். "ஈயத்துக்குக் கிட்டக் கிடந்ததை எடுத்துத் தின்னாதை, விளங்குதோ?" அந்த ஈயம்தான் அவரைக் கொண்டுபோனது என்று கோயில் மண்டபத்தில் கதைக்கிறவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நின்றது இருதயம். அது பிறவியிலேயே இருந்த பழுது என்று மருத்துவர் சிந்துஜாவுக்கு விளங்கப்படுத்தினார்.

மண்டபக் கதைகளுக்கு ஒரு விலை இருந்தது. அதை அன்ரிதான் கொடுத்தார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலில் யாரோ ஒரு அம்மா சிந்துஜாவிடம் சிரித்துக்கொண்டு கேட்டார்: "உன்ரை அம்மா ஆருக்குப் பிள்ளை உந்தக் குண்டெல்லாம் செய்யிறா?" அன்று பின்னேரம் நான் அவர்கள் வீட்டுச் சோபாவில் இருந்தேன். சிந்துஜா சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்தாள்.

"நீங்கள் சண்டைக்குப் பயந்துதானே அம்மா ஓடி வந்தனீங்கள்? இஞ்சை வந்து இருந்து குண்டு வாக்கிறீங்கள். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் நான் தொலைக்காட்சி ரிமோட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்ரி சத்தம் போடவில்லை.

"ஊரிலை எங்கடை சுவரிலை வந்து விழுந்தது ஆர் வார்த்தது, ஆர் சுட்டது, ஆரை நினைச்சுச் சுட்டது, ஒண்டும் எனக்குத் தெரியாது. இது நான் வார்க்கிறது. எங்கை போகுதெண்டு எனக்குத் தெரியும்."

சிந்துஜா அறைக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அன்ரி ரைபிள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு "வாறியோ?" என்று கேட்பார். உள்ளே இருந்து "வீட்டுவேலை இருக்கு" என்று பதில் வரும். அவ்வளவு வீட்டுவேலை செய்திருந்தால் அவள் இன்றைக்குப் பேராசிரியர். சங்கத்தில் எத்தனை பேர் கைதட்டினாலும் அன்ரிக்குப் போதவில்லை. வந்து பார்க்கவேண்டிய ஆள் ஒருத்திதான்.

பிறகு சங்கத்தின் இலையுதிர்காலப் போட்டி வந்தது. கையால் வார்த்த குண்டுக்கென்று அதில் தனிப் பிரிவு உண்டு. அதை வழக்கமாக வெல்பவர் கோரெ என்ற ஓய்வுபெற்ற ரயில் சாரதி. அந்த வருடம் அன்ரிக்குக் கை நன்றாக வந்திருந்தது. நான் சிந்துஜாவிடம் சொன்னேன்: "கப் அன்ரிக்குத்தான். நீ வராட்டிப் பரவாயில்லை, நான்தான் மகன் எண்டு சொல்லிப் படத்துக்கு நிக்கிறன்." முறைத்தாள். ஆனால் வந்தாள்.

பிந்தித்தான் வந்தாள். முதல் சுற்று முடிந்து, அன்ரி முன்னணியில், கோரெ அவருக்குக் கொஞ்சம் பின்னால். பேருந்துத் தரிப்பிலிருந்து ஓடிவந்த வேகத்தில் சிந்துஜாவின் பாடசாலைப் பை வாங்குப் பலகையில் இடித்தது. வாங்கில் இருந்த தோட்டாப் பெட்டி சீமெந்துத் தரையில் கவிழ்ந்தது.

அன்ரி முழங்காலில் இருந்து ஒவ்வொரு தோட்டாவாகப் பொறுக்கி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றின் மூக்கு ரைபிளுக்குள் போகாதபடி நசிந்துபோயிருந்தது. ஈயம் மெதுமையானது. அவர் கொண்டுவந்ததோ சுட வேண்டிய அளவு மட்டும். மிச்சமாக வார்த்தவை எதுவும் பிடிக்காமல் முதல்நாளே திரும்ப உருக்கிவிட்டார்.

"சொறி அம்மா, நான் காணேல்லை" என்று சிந்துஜா அழத் தொடங்கினாள்.

"ஒரு குண்டு போனால் போகட்டும். நீ வந்தனி. அது காணும்."

மிச்சத் தோட்டாக்கள் எல்லாவற்றையும் கறுப்பு வட்டத்துக்குள்ளேயே போட்டார். ஒரு வெடிதான் பாக்கி. காகிதத்தில் எங்கேயாவது பட்டாலே கப் அவருக்கு. அப்போது, படுத்துச் சுடுகிற பக்கத்துப் பாயிலிருந்து கோரெ கையை நீட்டினார். உள்ளங்கையில் அவருடைய தோட்டா ஒன்று. "என்னுடையதை எடு, மலர். ஒரே அளவுதான்." தன்னைத் தோற்கடிக்கப்போகிற குண்டைத் தானே நீட்டிய அந்த மனிதரையும் நாம் மறக்கக்கூடாது. கையால் வார்த்தது என்றால் யாருடையதும் சரி என்று நடுவர் தலையாட்டினார்.

"எடுங்கோ அம்மா, ப்ளீஸ்!"

நானும் விடவில்லை. "கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் வெற்றிதான் அன்ரி!"

அன்ரி அந்தத் தோட்டாவை வாங்கினார். விளக்கின் கீழ் பார்க்கிற அதே பார்வையால் ஒருமுறை பார்த்தார். திருப்பி அவருடைய கையில் வைத்தார். "நன்றி கோரெ. நல்ல குண்டு. ஆனால் நான் நிரப்பாததை என் ரைபிளில் போட மாட்டேன்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

தாங்களே தோட்டா நிரப்புபவர்களுக்கு அதுதான் முதல் விதி. ஒருவர் தன் ரைபிளுக்கென்று அளந்து போட்ட மருந்து இன்னொருவரின் ரைபிளுக்குச் சரிவரும் என்று சொல்ல முடியாது. வெளியே பார்த்து உள்ளே எவ்வளவு என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கோரெக்கும் அது தெரியும். அன்பில் மறந்துபோனார். முகம் சிவந்து, தொப்பியைக் கழற்றினார்.

அன்ரி எழும்பி எங்கள் பக்கம் திரும்பினார். "உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை. தெரியாததை நான் சுடமாட்டன்."

சிந்துஜா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து அம்மாவின் பாயைச் சுருட்டித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அன்ரி முழங்காலைத் தட்டிக்கொண்டு, "சரி, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். கப்பைக் கோரெ வாங்கினார். அடுத்த ஞாயிறு அன்ரி "வாறியோ?" என்று கேட்க முன்னமே சிந்துஜா சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாளாம். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை.

தகனத்தன்று நீலச் சட்டைகளோடு வந்து கடைசி வரிசையில் இருந்த வெள்ளைக்காரர்கள் யார் என்று பலர் கேட்டீர்கள். அந்தச் சங்கத்துக்காரர்கள்தான். தொப்பியைக் கையில் வைத்திருந்தவர் கோரெ. அவர் சிந்துஜாவின் அப்பாவிடம் சொன்னதைத் தமிழாக்கியவன் நான்: "கப் என் வீட்டில் நிற்கிறது. அதில் பெயர்தான் பிழை." மலர் யாருக்குக் குண்டு செய்தார் என்று கேட்டவர்களும் அன்று அங்கே இருந்தீர்கள். கறுப்பு வட்டம் போட்ட காகிதத்துக்கு. அந்தக் காகிதத்தின் மேல்கூடத் தனக்கு நம்பிக்கை வராத குண்டைச் சுடாத மனுஷி அவர்.

போட்டியன்று பலகையில் அவருடைய பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் ஒரு சைபர் போட்டார்கள். நோர்வேப் பாடசாலையில் சைபர் என்று ஒரு புள்ளி கிடையாது. எவ்வளவு முயன்றாலும் ஒன்றுக்குக் கீழே இறங்க விடமாட்டார்கள். முயன்று பார்த்தவன் சொல்கிறேன். ஆகவே என்னிடம் இருக்கிற ஒரே சைபர் மலர் அன்ரியுடையதுதான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் தங்கள் கோப்பைகளைக் காட்டும்போது, நான் அதைக் காட்டுவேன்.