எஃகுக்குள் கரி

இங்கே எனக்குக் ‘கார்பன் சார்’ என்று பெயர். காலையில் நான் குடியிருக்கும் குகட்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறும்போதே கூட வேலை செய்கிறவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கிராம் எஃகுத் துருவலை ஆக்ஸிஜனில் எரித்து, அதில் கரி எத்தனை சதவீதம் என்று எழுதிக் கொடுப்பது ஆலையில் என் உத்தியோகம். ‘கவர்ன்மென்ட் கம்பெனி, உனக்கென்ன குறைச்சல்?’ என்று ஊரிலிருந்து எழுதுகிறீர்கள். குறைச்சலைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்தபோது பிடித்த பைத்தியம் இந்தக் கரி. வயதான நட்சத்திரங்கள் தமக்குள் கரியைச் சமைத்து, அடுப்புப் புகைபோல வெளியே தள்ளுகின்றன. அந்தத் தூளில் கொஞ்சம் பனியோடு உறைந்து வால்நட்சத்திரங்களுக்குள் கிடக்கிறது. அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, என்னென்ன கரிச்சேர்மங்கள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே என் வாழ்க்கை என்றிருந்தேன். அப்பா ஓய்வு பெற்றார். இந்த வேலை வந்தது. இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் படிக்கப் போகலாம் என்று ரயிலேறினேன். ஒன்பது வருடமாகிவிட்டது.

ஹாலி வால்நட்சத்திரம் வந்த சமயம், பெங்களூரில் அதே ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். வயது வரம்புப்படி அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. எங்கள் ஆலையில் வெளியிடத்துக்கு மனுப் போட்டால் ஆபீஸ் வழியாகத்தான் போக வேண்டும். கிளார்க் ரஹீம் பாயிடம் கொடுத்தேன். என் மகள் பிறந்த அன்று கொட்டுகிற மழையில் ஆட்டோ பிடித்து வந்தவர் அவர். தினமும் போய்க் கேட்பேன். “ஹவ் சாப், ஹோஜாதா” என்பார். ஆகிவிடும் என்று நம்பி, பழைய நோட்டுகளைத் தூசி தட்டிப் படித்தேன்.

கடைசித் தேதி தாண்டிய மறுநாள் கூப்பிட்டு சாயா வாங்கிக் கொடுத்தார். மேஜை டிராயரிலிருந்து என் மனுவை எடுத்து நீட்டினார்.

“பேஜே நை க்யா, பாய்?” அனுப்பவில்லையா என்று கேட்டேன்.

“நக்கோ சாப். பக்கா நௌக்ரி கைக்கு சோட்னா? பச்சி சோட்டி ஹை.”

குழந்தை சின்னது, நிரந்தர வேலையை எதற்கு விட வேண்டும் என்கிறார். தம்பியைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்ட அண்ணனைப்போல முகமெல்லாம் சந்தோஷம்.

நான் கத்தியிருக்க வேண்டும். உங்களிடம் மறைப்பானேன், முதலில் வந்தது நிம்மதிதான். வீட்டைப் பெயர்க்க வேண்டாம், சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டாம். அந்த நிம்மதிக்காக என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை. சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் தெலுங்கில் கேட்டாள்: “தோக சுக்க மன ஊள்ளோ கனிபிஸ்துந்தா, நான்னா?” வால்நட்சத்திரம் நம்ம ஊரில் தெரியுமா, அப்பா என்கிறாள். அவளுக்கு நம்ம ஊர் குகட்பள்ளி. எனக்கு எது என்று யோசித்துக்கொண்டே, “தெரியும்மா” என்று தமிழில் சொன்னேன்.

மறுநாள் காலை வழக்கம்போல எஃகு வந்தது. எரித்தேன். எந்த நட்சத்திரத்திலோ பிறந்து, இவ்வளவு தூரம் வந்து, இரும்புக்குள் மாட்டிக்கொண்ட கரி. பூஜ்யம் புள்ளி நான்கு இரண்டு சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.