அம்மாவின் பெயருக்கு ஒரு பாசி

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வருஷம் அது. அண்ணன் குடும்பத்தோடு திருச்சிக்குக் கிளம்பினான். என்னையும் கூப்பிட்டான், நான் போகவில்லை. அம்மா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சாந்தோம் வீட்டைப் பூட்ட மனசு வரவில்லை.

நான் தாவரவியல் சொல்லிக்கொடுத்த கல்லூரியையும் மூடிவிட்டார்கள். அனுமதி கேட்டு ஒரு மைக்ராஸ்கோப்பை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிக் குப்பிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. அதனால் அம்மாவின் பித்தளைச் சொம்பில்தான் சேறு அள்ளினேன்.

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், நீர் வடிந்ததும் சேற்றின்மேல் பழுப்பாக ஓர் ஏடு தெரியும். அத்தனையும் டயட்டம், கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் நுண்பாசி. அம்மா இருந்தவரை, "அந்த சேத்துல இன்னாடி கீது?" என்று திட்டிக்கொண்டேதான் என் புடவையை அலசுவாள். இப்போது திட்டவும் ஆளில்லை. சில நாள் ஒரு வார்த்தை பேசாமலே விளக்கை அணைத்துப் படுத்திருக்கிறேன்.

அந்த வெறுமையில்தான் அது கண்ணில் பட்டது. சேற்றை அமிலத்தில் காய்ச்சினால் உயிர்ப்பகுதி கரைந்து ஓடு மட்டும் நிற்கும். ஓட்டின் கோடுகளைப் பார்த்துத்தான் இனம் சொல்வோம். இந்த ஓட்டின் விளிம்பில், பிறை மாதிரி ஒரு வெட்டு. கையிலிருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. புது இனம்! கண்டுபிடித்தவரே அதற்குப் பெயர் வைக்கலாம். அம்மாவின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி எழுதிவைத்தேன். இனத்தின் வர்ணனையையும் லத்தீனில்தான் எழுதுவது வழக்கம். மாதா கோயில் பூசையில் கேட்டு வளர்ந்த லத்தீன் பாவத்துக்கு உதவியது, பாசிக்கு உதவவில்லை. அகராதியோடு மல்லுக்கட்டினேன். உலகத்தில் எங்கேயோ ஒரு புத்தகத்தில் அம்மா இருப்பாள் என்ற நினைப்பே எனக்குத் துணையாக இருந்தது.

ஆய்விதழுக்கு அனுப்புமுன் அதை உயிரோடு ஒருமுறை பார்த்துவிட ஆசை. நீர் வடியும்போதெல்லாம் போனேன். வலை உலர்த்தும் ஒருவர், "இன்னாம்மா, நண்டு கெடைக்கலியா?" என்று சிரிப்பார். கிடைக்கவில்லைதான். ஊர்ந்து திரிந்த பாசிகளில் என்னுடையது ஒன்றுகூட இல்லை. அதன் வெற்று ஓடுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. கல்லூரி மூடுமுன் அள்ளி, வீட்டிலேயே தங்கிப்போன ஒரு குப்பிச் சேற்றையும் பார்த்தேன். அதில் அந்த ஓடும் இல்லை.

சனிக்கிழமை சொம்பைத் துலக்க உட்கார்ந்தேன். கோயில் மெழுகுத்திரித் தண்டுகளை அம்மா பளபளவென்று துலக்குவாளே, அதே வெள்ளைப் பொடி, அவள் வைத்துப்போன அதே டப்பா. கை அப்படியே நின்றுவிட்டது. அந்த மாதிரிப் பொடியை எதிலிருந்து அரைக்கிறார்கள் என்று வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். என்றோ செத்து மண்ணாகிப்போன டயட்டங்களிலிருந்து.

ஒரு சிட்டிகையை லென்ஸின் கீழ் வைத்தேன். பிறை வெட்டு, ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக. எந்தக் கடலில் வாழ்ந்து முடித்ததோ! சொம்பின் விளிம்பு மடிப்பில் தங்கி, என் சேற்றில் கலந்திருக்கிறது.

முதலில் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லலாமென்று எழுந்தேன். வீட்டில் யாருமில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. உட்கார்ந்து அழுதேன்.

எழுதிவைத்த தாளைக் கிழித்துப் போட்டேன். அம்மாவின் பெயர் இப்போது ஆற்றோரக் கல்லறையில் மட்டும்தான் இருக்கிறது. சேறு அள்ளப் போகிற வழியில் அந்தக் கல்லைத் துடைத்துவிட்டுப் போவேன், வெறும் தண்ணீரால்.