நீலக் கப், வெள்ளைக் கப்

என் மகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்த பள்ளிக்கூடங்கள் எல்லாமே மிகவும் மரியாதையான பள்ளிக்கூடங்கள். முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் ஒருவர்கூடச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள். ஓரிடத்தில் டீகூடக் கொடுத்தார்கள். "உங்க பாப்பா நல்லதுக்குதாங்க சொல்றோம்" என்று ஆரம்பித்து, அவளுடைய நல்லதுக்காகவே எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டார்கள். விருத்தாசலம் வெயிலுக்கு ஏசி வகுப்பறை இருந்தது, சீக்கிரமே குதிரையேற்றம் கற்றுத் தரப்போவதாகப் பேனர் இருந்தது. காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு பெண் குழந்தையை உட்காரவைக்க மட்டும் வசதி இல்லையாம்.

என் மகளுக்கு ஆட்டிசம். பேசுவாள், அளவாக. எழுதுவாள், அவளுக்குத் தோன்றினால். மைக் கீச்சிட்டால் அலறுவாள். இப்படி நடக்கும் என்று சொன்னது அப்படியே நடக்காவிட்டால் தரையில் உட்கார்ந்துவிடுவாள், பிறகு யாராலும் எழுப்ப முடியாது. இதைக் கேட்டதும் உறவுக்காரர்களுக்கு ஒரு ஆர்வம் வந்துவிடும். "அந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஒரு தெறம இருக்குமாமே? மனக்கணக்கு போடுதா? படம் வரையுதா?" என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்பேன். உடனே அவர்கள் முகம் தொங்கிவிடும், கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் வராமல் போன மாதிரி. என் மகளுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். அவ்வளவுதான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும் திங்கட்கிழமையில் இவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். இதை ஒரு திறமை என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

கடைசியாக ஒரு பள்ளி அவளைச் சேர்த்துக்கொண்டது. தலைமையாசிரியை மேடம் கருணை மிக்கவர். அதை அவரே அடிக்கடி சொல்வார். வகுப்பு மிஸ் இளம்பெண், நல்ல மாதிரி. மணியோசை அதிகம் கேட்காத கதவோரம் இடம் கொடுத்து, பக்கத்தில் வாயாடிப் பெண் ஒருத்தியையும் உட்காரவைத்தார். அந்த வாயாடி என் மகளின் டிபன் பாக்ஸைத் திறந்து கொடுப்பாள், பாதியைத் தின்பாள், பிரேயர் மைக்கைப் போடும் முன்னால் "காதப் பொத்திக்கடி" என்று எச்சரிப்பாள். பள்ளி எங்களுக்குச் செய்த சிறப்பு ஏற்பாடு இதுதான். குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே வேலை செய்தது.

வீட்டில் செய்த ஏற்பாடு என்னுடையது. புதுச்சேரியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மா, "நாளைக்கு என்ன நடக்கும்னு முன்னாடியே படத்துல காட்டுங்க" என்று அட்டைகள் கொடுத்தார். ஸ்கூல் படம் போட்ட அட்டை, வீட்டுப் படம் போட்ட அட்டை, இரண்டும் லேமினேஷன் செய்தவை. என் மகள் லேமினேஷனை உரித்துவிட்டு அட்டைகளை மென்றாள். நான் வேலை செய்வது பீங்கான் பட்டறையில். கொலு பொம்மைகளுக்குக் கண்ணும் மீசையும் வரைகிறேன். சூளையிலிருந்து வரும்போதே கோணலாகிப்போன கப்புகள் அங்கே ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். அதில் நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று எடுத்து வந்தேன். காலையில் நீலக் கப்பில் பால் வந்தால் ஸ்கூல். கைப்பிடி கோணிய வெள்ளைக் கப்பில் வந்தால் லீவு. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். கப்பை மெல்லவும் முடியாது.

ஒரே ஒரு சிக்கல். பாலைக் குடித்துவிட்டால் அந்த நாள் முடிவாகிவிட்டது. அதை மாற்ற இந்த மாவட்டத்தில் யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் கலெக்டரே முயன்று பார்த்தார். அவள் நீலக் கப்பைக் காலி செய்த பிறகு மழை விடுமுறை அறிவித்தார். என் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போய், கேட்டில் தொங்கிய பூட்டைக் காட்டி, மதியம் வரை அங்கேயே நின்றுவிட்டு வந்தார். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் பரம திருப்தி. ஸ்கூலுக்குப் போய்விட்டுத்தானே வந்திருக்கிறாள்.

பள்ளியில் இன்னொரு வழக்கமும் இருந்தது. யாராவது அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் சாயங்காலம் மேடத்திடமிருந்து போன் வரும்.

"ம்மா, நாளைக்கு விசிட் இருக்குது. பாப்பாவுக்கு லீவு உட்டுடுங்க. கூட்டம் கூட்டமா வருவாங்க, மைக்கு சத்தம் வேற. பாப்பா பயந்துக்கும். அதுக்காகத்தான் சொல்றேன்."

பாப்பா பயந்துகொள்வாள் என்பதில் எல்லோருக்கும் எவ்வளவு அக்கறை! மைக் சத்தத்தைக் குறைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. சரிங்க மேடம் என்பேன். வேறென்ன சொல்வது? எங்களைச் சேர்த்துக்கொண்ட ஒரே பள்ளி. இங்கேயும் டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டால் அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள்? மறுநாள் வெள்ளைக் கப்பில் பாலை ஊற்றுவேன். கப்பைப் பார்ப்பாள். வாசலில் மற்ற பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போவதையும் பார்ப்பாள். அழ மாட்டாள். யூனிஃபார்மைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து, மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருப்பாள். நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. மற்ற பிள்ளைகள் உட்காரும் எல்லா நாளிலும் அவளும் அங்கே உட்கார வேண்டும்.

போன வருஷமும் அப்படி ஒரு போன் வந்தது. நானும் வெள்ளைக் கப்பில் பாலை ஊற்றினேன். குடித்தாள். பத்து மணி வாக்கில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தலைமையாசிரியை மேடமே இறங்கினார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றி நிறைய வியர்வை.

"ம்மா, சீக்கிரம் பாப்பாவ ரெடி பண்ணுங்க."

"விசிட்டுனு சொன்னீங்களே மேடம்?"

"விசிட்டுதாங்க." மூச்சு வாங்கியது. "இப்பதான் லெட்டர முழுசா படிச்சோம். இந்த மாதிரி புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல என்ன வசதி இருக்குதுன்னு பாக்கத்தான் வராராம். பாப்பாவத்தான் பாக்கணுமாம்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. சிறப்புக் குழந்தையைப் பார்க்க அதிகாரி வருகிறார். அதிகாரி வருகிறார் என்பதால் சிறப்புக் குழந்தைக்கு லீவு விட்டிருக்கிறார்கள். கை பழகிய வேலை அல்லவா, யோசிக்காமலேயே செய்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெள்ளக் கப்புல பால் குடிச்சிட்டா மேடம். இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றேன்.

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கப்பு விஷயம் அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அத்தோடு சரி. இப்போது அவரே நேரில் இறங்கினார். என் மகள் முன்னால் குனிந்து, "பாப்பா, ஸ்கூலுக்குப் போலாமா? மிஸ்ஸு கூப்புடுறாங்க" என்றார்.

"இன்னைக்கி லீவு."

"லீவு இல்லடா தங்கம். மேடமே சொல்றேன்."

அவள் எழுந்து உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த வெள்ளைக் கப்பை எடுத்துவந்து மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "லீவு" என்றாள். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

மேடம் சாக்லேட் நீட்டினார். வாங்கித் தின்றாள், எழுந்திருக்கவில்லை. ஆட்டோவைக் காட்டினார், பாட்டுப் பாடினார். கடைசியில் பட்டுப்புடவையோடு அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தெனமும் இப்படித்தானா?" என்று கேட்டார். "இல்லீங்க மேடம், லீவு உட்டா மட்டுந்தான்" என்றேன். அவர் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, அதிகாரி வந்துவிடுவார் என்று ஆட்டோவில் ஏறிப் பறந்தார்.

அதன்பின் நடந்ததைச் சாயங்காலம் வீட்டுப்பாடம் சொல்ல வந்த வாயாடி சொன்னாள். அன்று காலை லெட்டரைப் படித்ததும் சக்கர நாற்காலிக்கென்று அவசரமாகப் பூசிய சாய்வுப் பாதை காயவில்லை, அதிகாரி அதில் காலை வைத்துவிட்டார். ஷூ அச்சு இன்னமும் அழகாக இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். வகுப்புக்குள் வந்தவர் கதவோரம் இருந்த காலி இடத்தைப் பார்த்து, "இங்க யாரு உக்காருவாங்க?" என்று கேட்டிருக்கிறார். மேடம், "அந்தப் பாப்பாவுக்கு இன்னைக்குக் காய்ச்சல் சார்" என்றாராம்.

"நான் எந்திரிச்சி சொல்லிட்டேன் ஆண்ட்டி" என்றாள் வாயாடி, என் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே. "காய்ச்சல்லாம் இல்ல சார், நீங்க வந்தா அவளுக்கு லீவு சார், எப்பவுமே அப்படித்தான் சார்னு."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இன்னும் இரண்டு முறுக்கு எடுத்து வைத்தேன்.

அதிகாரி என்ன சொன்னார், என்ன எழுதினார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கு எங்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கியது. கேட்டுக்குப் பக்கத்தில் "அனைவரையும் அரவணைக்கும் பள்ளி" என்று பெரிய போர்டு வந்தது. அதில் சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சிரித்துக்கொண்டிருக்கிறான். விருத்தாசலத்தில் எந்தத் தெருவோ தெரியவில்லை. என் மகள் தினமும் அந்தப் பையனுக்கு டாட்டா காட்டிவிட்டு உள்ளே போவாள். நானும் வெள்ளைக் கப்பை அலமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் எடுத்தேன். ஒருவழியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புகிற அளவுக்கு எனக்கும் ஆசை இருந்தது.

ஆண்டு விழா வந்தது. என் மகள் வகுப்புக்கு ஒரு நடனம். வகுப்பு மிஸ் அவளைக் கடைசி வரிசையில் வாயாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஒரு காகிதப் பூவைக் கொடுத்திருந்தார். பாட்டு முடியும்போது அதைத் தூக்க வேண்டும். வீட்டில் மிக்ஸி ஓடினாலும் தூக்கினாள், குக்கர் விசிலடித்தாலும் தூக்கினாள். அவள் அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனாலும் தூக்கினாள்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் போன் அடித்தது.

"ம்மா, நாளைக்குச் சீஃப் கெஸ்ட் பெரிய ஆளு, வெளியூர்லேர்ந்து வராரு. ஸ்பீக்கரெல்லாம் பெருசா கட்டியிருக்காங்க. பாப்பா பயந்துக்கும்…"

மேடம் பேசிக்கொண்டே போனார். இந்தத் தடவை வரப்போகிறவருக்கு வசதிகளைப் பார்க்கும் வேலை இல்லை. லெட்டரை முழுசாகப் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது. என் மகள் கட்டிலில் உட்கார்ந்து, கசங்கிப்போன பூவின் இதழ்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்க மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காலையில் பாலைக் காய்ச்சினேன். அலமாரியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கப் அங்கேதான் இருந்தது. டி.சி.யை நினைத்தேன், டீ கொடுத்து வழியனுப்பிய பள்ளிகளையெல்லாம் நினைத்தேன். பிறகு நீலக் கப்பில் பாலை ஊற்றினேன். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மேலுதட்டில் நுரையோடு யூனிஃபார்மை எடுக்க ஓடினாள். காதுக்குப் பஞ்சை வாயாடியிடம் கொடுத்தனுப்பினேன்.

பட்டறைக்குப் போய் முதல் பொம்மைக்கு மீசை வரைவதற்குள் போன் வந்துவிட்டது. பின்னால் ஸ்பீக்கர் இரைந்தது.

"என்னம்மா இது? பாப்பாவ அனுப்பிட்டீங்க? நான்தான் படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? ஒடனே வந்து கூட்டிட்டுப் போங்க!"

"வரேன் மேடம்" என்றேன். "ஆனா அவ நீலக் கப்புல குடிச்சிட்டா. இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

மேடம் போனை வைத்துவிட்டார். தரையில் உட்கார்ந்து பார்த்தவர் அல்லவா, அவருக்குத் தெரியும்.