ஹஸ்னா ஓதிய குளிசைப் பெட்டி

தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய பொதி இன்று காலை வந்தது. ஒட்டியிருந்த நாடாவைக் கிழித்ததும் அந்த வாசம் வீடெல்லாம் பரவிவிட்டது. சவர்க்காரம், ஏலம், அத்தர், கொஞ்சம் புது இறப்பர்ச் செருப்பு. அடியில், துவாய்க்குள் சுற்றியபடி ஒரு மருந்துப் பெட்டி. முன்பக்கம் முழுக்க அரபு. அதை அலுமாரிக்கு மேல் வைத்தேன். மகன் கதிரையில் ஏறினால் எட்டுமோ என்று யோசித்து இன்னும் உள்ளே தள்ளினேன். அதுவும் போதாமல் நானே கதிரையில் ஏறி எட்டிப் பார்த்தேன். மகன் இப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகுகிறான் என்பது இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. என் பயங்கள் எப்போதும் அவனைவிட இரண்டு வயது மூத்தவை.

அவனை நித்திரையாக்கிவிட்டு உட்கார்ந்தால், அந்த வாசம் என்னை எங்கேயோ கொண்டுபோனது. கலியாணத்துக்கு முன் நான் படிப்பித்த பெண்கள் பள்ளிக்கூடம் கடலுக்குக் கிட்ட. பத்தாம் தரத்துக்குச் சுகாதாரப் பாடம், அதுவும் கடைசிப் பாடவேளை. கடற்காற்று யன்னலால் வந்து வெள்ளைப் பர்தாக்களை ஊதிப் பார்க்கும். அலைச் சத்தம் ஒருபக்கம், கல்முனைக்குப் போகிற பஸ்ஸின் சத்தம் மறுபக்கம். வகுப்பில் யாரும் நித்திரையும் இல்லை, முழிப்பும் இல்லை. நான் கதைப்பது எனக்கே தூரத்தில் கேட்கும்.

அந்த மயக்கத்துக்குள்தான் மருந்தைப் பாதுகாப்பாகப் பாவிப்பது பற்றிப் படிப்பிக்க வேண்டியிருந்தது. அந்த வயதில்தான் பிள்ளைகள் தாங்களாகவே மருந்து எடுக்கத் தொடங்குவார்கள். தலையிடிக்கு ஒன்று, மாதவலிக்குப் பக்கத்தில் இருப்பவள் பையிலிருந்து எடுத்துத் தந்த இன்னொன்று. கேட்டால் வெட்கம். அதனால் வீட்டிலிருக்கும் வெறும் மருந்துப் பெட்டிகளைக் கொண்டு வரச் சொன்னேன். வெறும் பெட்டி, வெறும் பெட்டி என்று நான் திருப்பித் திருப்பிச் சொன்னதைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மேசை நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் சவூதி, கட்டார், குவைத் பெட்டிகள். எங்கள் பக்கத்தில் அவை குப்பைக்குப் போவதில்லை. குர்ஆனில் இருக்கிற அதே எழுத்தல்லவா? எங்கள் வீட்டிலும் எப்போதோ காலாவதியான இருமல் பாணி ஒன்று, பெரிய மனிசரைப் போல உயரத்தில் மரியாதையாக இருந்தது.

ஹஸ்னா கொண்டு வந்தது பச்சைக் கோடு போட்ட வெள்ளைப் பெட்டி. மெலிந்த பிள்ளை, வாப்பா சவூதியில், தம்மாமில் லொறி ஓட்டுகிறார். அந்தக் கிழமை முழுக்கக் காலைக் கூட்டத்தில் தலைசுற்றி உட்கார்ந்தவள். வீட்டில் கண்ணூறு என்று தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள், அவள் சாப்பிடாமல் வருகிறாள் என்று ஏசினோம்.

“என்ன எழுதியிருக்குது, வாசியுங்க பாப்பம்” என்றேன்.

அவள் வாசிக்கவில்லை, ஓதினாள். நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அவ்வளவு இனிமையாக. பின்பக்க வாங்கில் இருந்த ஒருத்தி பர்தாவைச் சரிசெய்துகொண்டு குனிந்தே விட்டாள்.

“மௌலவியா மாதிரி ஓதுறாகா!”

“ஆமீன் சொல்லுங்கடி!”

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். “என்ன விளங்கின ஹஸ்னா?”

“ஒண்டும் விளங்கல்ல டீச்சர்.”

பெட்டியை வாங்கித் திருப்பினேன். மறுபக்கம் ஆங்கிலம் இருந்தது. அது சீனி வருத்தத்துக்கான குளிசை, நீரிழிவு மாத்திரை. உள்ளே குளிசை அட்டையும் கிடந்தது, பாதி காலியாக.

“இத வீட்டில ஆரு போடுற?”

“நான்தான் டீச்சர். காலையில காலையில. விற்றமின், படிப்புக்கு நல்லமெண்டு வாப்பா சொன்ன.”

அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்து, வியர்த்திருந்தது. கன்ரீனிலிருந்து சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி எடுப்பித்துக் குடிக்க வைத்தேன். தேத்தண்ணியோடு சரியாகிவிடுமா, நான்தான் தேவையில்லாமல் பதறுகிறேனா, அதிபர் என்ன சொல்வார் என்று ஆட்டோவில் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் ஊசியால் விரலில் குத்திப் பார்த்தார்கள். சீனி மிகவும் இறங்கியிருந்தது. “பெட்டியையும் கொண்டு வந்தது நல்லம்” என்றார் டொக்டர். இந்தக் குளிசை உள்ளே போனால் நெடுநேரம் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும், அதனால் வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அவளுடைய உம்மா வந்தபோது கையில் இன்னொரு பெட்டி. அதிலும் பச்சைக் கோடு.

“இதுதான் டீச்சர் விற்றமின். ரெண்டும் அலுமாரிக்கு மேல ஒண்டாக் கிடந்த. அவர் பச்சக் கோடு எண்டு மட்டும்தான் போன்ல சொன்ன. நான் மாறி எடுத்திட்டன்.”

“வீட்டில ஆருக்கு ராத்தா சீனி?”

“ஒருத்தருக்கும் இல்லயே.” சொல்லிவிட்டுப் பெட்டியையே பார்த்தார். “இது அவர் போன லீவுல வந்து மறந்திட்டுப் போன பெட்டி.”

போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு, இது ஆருடைய குளிசை என்று தம்மாமில் இருந்தவரைக் கேட்டார். அந்தப் பக்கமிருந்து, “சொன்னா நீ பயப்புடுவாய் எண்டுதான்...” என்று மெல்லிய குரல்.

கட்டிலில் படுத்திருந்த ஹஸ்னா தலையைத் தூக்கினாள். “வாப்பா, அப்ப நீங்க இப்ப குளிசை போடுறயா?”

“போடுறன் மகள், போடுறன்.”

“வீடியோவில வாங்க. பெட்டியக் காட்டுங்க” என்றார் உம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. வாப்பா காட்டிய பெட்டியை நாங்கள் மூவரும் நெருங்கிப் பார்த்தோம்.

அடுத்த நாள் ஹஸ்னா வீட்டுக்குப் போனாள். பழைய குளிசைகளை அவளுடைய உம்மா பாமசியில் ஒப்படைத்தார். அரபு எழுதிய வெறும் பெட்டிகளை மட்டும், பழுதாய்ப்போன குர்ஆன் தாள்களோடு மண்ணில் அடக்குவதற்குப் பள்ளிவாசலில் கொடுத்தார்.

வகுப்பு மாறிவிட்டது. எந்தப் பெட்டியைக் காட்டினாலும், என்ன மருந்து, யாருக்கு, எவ்வளவு என்ற மூன்றில் ஒன்று விளங்காவிட்டாலும் பிள்ளைகள் கூச்சமில்லாமல் “தெரியாது டீச்சர்” என்றார்கள். ஹஸ்னாதான் முதல் சொல்வாள், சிலவேளை நான் கேட்டு முடிப்பதற்கு முன்பே. கடற்காற்றில் முப்பது குரலும் சேர்ந்து வரும் அந்தத் “தெரியாது” எனக்கு ஒரு பாட்டைப் போல இருந்தது. எங்கள் வீட்டு இருமல் பாணியை இறக்கியதும் அந்த நாட்களில்தான்.

பிறகு கலியாணம், பிள்ளை, வேலையை விட்டேன். அந்தப் பிள்ளைகள் நிந்தவூர், சம்மாந்துறை என்று பல பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டார்கள். இப்போது போனை எழுத்துக்கு மேல் பிடித்தால் தமிழில் தருகிறது. நல்லதுதான், நானும் பிடிக்கிறேன்.

நேற்று எங்கள் உம்மாமார் வட்சப் குழுவில் ஒருவர், பெரிய மகனின் சளி மருந்தைச் சின்னவனுக்குப் பாதி கொடுக்கலாமா என்று கேட்டிருந்தார். மளமளவென்று பதில்கள். கால் கரண்டி என்றார் ஒருவர். அரைக் கரண்டி, தேன் கலந்து என்றார் இன்னொருவர். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் எழுதி, அழித்து, திரும்ப எழுதினேன்: “எனக்குத் தெரியாது. டொக்டரிட்ட கேட்டுக் குடுப்பமா?”

எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்குக் கீழே யாரோ ஒரு ரோசாப்பூப் படம் போட்டார்.