சாயம் என்றுதான் நினைத்தோம்

என் வீட்டுக்காரருக்கு வயிறு வீங்கத் தொடங்கியபோது வேலம்பாளையத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடு முழுக்க ஒரே தீர்ப்புதான்: குடி. கை கால் மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி முன்னால் வந்தால் வேறென்ன சொல்வார்கள்? துணிக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை வேறு; அந்த வேலைக்காரர்கள் எல்லாரும் குடிப்பார்கள் என்பது ஊர்ப் பேச்சு. அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "மறைக்காதீங்கக்கா, எங்கூட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்று ஆறுதல் சொல்ல வந்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்கூட்டு நாயத்த உங்கூட்டோட வெச்சுக்க" என்று கதவைச் சாத்தினேன்.

ஆஸ்பத்திரியிலும் முதல் கேள்வி, குடிப்பாரா என்பதுதான். ஊசியால் குத்தி வயிற்றிலிருந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் எடுத்தார்கள். சில நாளிலேயே மறுபடி நிரம்பியது. காமாலைக் கிருமி இல்லை, காசநோய் இல்லை, புற்றுநோய் இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. ஏதோ ஒன்று என் புருஷனைத் தின்கிறது, அதற்குப் பெயர்கூடத் தெரியவில்லையே என்று பயந்து செத்தேன். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தால், கை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்துப்பட்டியை வைத்துத் தைத்தேன்.

கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, கல்லீரலிலிருந்து ரத்தம் வெளியேறும் குழாய்களில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதனால்தான் வயிற்றில் தண்ணீர் சேர்கிறது என்றார். பிறகு இவரைப் பார்த்து, "ஏன் உறைஞ்சுதுன்னு கண்டுபிடிக்கணும். காலையில ஒண்ணுக்கு என்ன கலர்ல போகுது?" என்று கேட்டார்.

இவர் சிரித்தார். "சில நாள் செவப்பாப் போகுமுங்க, வரக்காப்பியாட்டம். அது சாயமுங்க. எங்க பட்டறைல எல்லாத்துக்கும் சளி, எச்சி எல்லாமே கலருதானுங்க."

உண்மைதான். இவர் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு எந்தக் கலர் ஆர்டர் ஓடியதென்று நான் சொல்லிவிடுவேன்.

"வேலைக்குப் போயி எத்தன நாளாச்சு?"

"ரெண்டு மாசம் ஆச்சுங்க."

"இன்னைக்குக் காலைல?"

இவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "செவப்புத்தானுங்க" என்றார். இரண்டு மாதமாகப் பட்டறைப் பக்கமே போகாத உடம்பில் சாயம் எங்கிருந்து வரும்?

ரத்தத்தை எடுத்துத் தனிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அபூர்வமான ரத்த நோய் என்று வந்தது. சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றன, அதுதான் சிவப்பாகப் போகிறது, அந்த நோயே ரத்தத்தை உறையவும் வைக்கிறது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தம் உறையாமலிருக்க ஊசி மருந்து ஆரம்பித்தார். வயிறு வற்றுகிறதா என்று தினமும் அளந்து பாருங்கள், ஏறினால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தையல் டேப்பால் நான்தான் அளந்தேன். விடிந்ததும் தொப்புளைச் சுற்றி டேப்பைப் பிடிப்பேன். முதலில் கொஞ்சம் வற்றியது. சாமி கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு காலையில் அளந்தபோது, முந்தின நாளைவிட ஏறியிருந்தது.

"எவ்வளவு புள்ள?"

"அரை இஞ்ச் கொறஞ்சிருக்குதுங்க மாமா."

அவர் என் முகத்தைப் பார்த்தபடியே கையை நீட்டி, "டேப்பக் குடு, நாம் பாக்கறேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.