மந்திரி வீட்டுக்காரர்

போன வாரம் எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. ஏழு வயதுப் பெண், ராஜா வேஷம். மீசை ஒட்டத் தெரியாமல் அவள் அம்மா எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். என் மனைவி செண்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பசையை விரலில் தொட்டு, ஒரே இழுப்பில் ஒட்டிவிட்டாள். "பேசும்போது உதட்ட மடக்காத. சிரிப்பு வந்தா மூக்கால சிரிச்சுக்கோ" என்று யோசனை வேறு. பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பசை வாடை மூக்கில் ஏறியது. அதற்குமேல் ஒரு வரி ஓடவில்லை.

பசை என்றால் எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான். கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் வரிசையாக மேஜை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள். நீளமான ஓட்டுக் கொட்டகை, தரையில் உட்கார்ந்து மரச்சட்டங்களில் குச்சி அடுக்கும் பெண்கள், மூலையில் மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. மேஜை நாற்காலி மொத்தமே ஒன்றுதான். தொண்ணூறுகளின் கடைசியில் அதில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை நான். அந்த நாற்காலியில் எனக்கிருந்த மிதப்பு, கலெக்டருக்குக்கூட இருந்திருக்காது.

செண்பகமும் அங்கே குச்சி அடுக்கியவள்தான். கல்யாணமானதும், கணக்குப்பிள்ளை பொஞ்சாதி தரையில் உட்காருவதாவது என்று நான்தான் அவளை நிறுத்தினேன். அவள் தெருப் பெண்களின் மகளிர் குழுவில் சேர்ந்துகொண்டாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஊரைச் சுற்றிக் கரிசல் காடெல்லாம் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. தெருக்குழாயில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை காற்று வரும். சில சமயம் காற்றோடு தண்ணீரும் வரும். எங்கள் வார்டு கவுன்சிலர் வேறு யாருமில்லை, எங்கள் முதலாளிதான். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யார் என்ன கேட்டாலும் தோளில் கிடக்கும் துண்டை இரண்டு தட்டுத் தட்டி, வேட்டி நுனியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆவன செய்யப்படும்" என்பார். அதோடு சரி.

மகளிர் குழு ஆண்டு விழாவுக்கு அவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். விழாவில் பெண்களே நடிக்கும் பாட்டு நாடகம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. செண்பகம் என் பீரோவிலிருந்து நல்ல வேட்டியாக ஒன்றை உருவி எடுத்தாள்.

"எதுக்கு வேட்டி?"

"வேசத்துக்கு."

"என்ன வேசம்?"

"வந்து பாருங்க, தெரியும்."

நான் அரிச்சந்திரன் மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பொட்டலில் மேடை. இருட்டுவதற்குள் ஜனம் சாக்கையும் பாயையும் விரித்து இடம் பிடித்துவிட்டது. முன்வரிசை நாற்காலியில் மாலையோடு முதலாளி. அவர் கேட்டால் எடுத்துக்கொடுக்கச் சோடாப் பாட்டிலோடு பின்னால் நான்.

திரை விலகியது. மேடையில் ஏழு பெண்கள், ஏழு வேட்டி, ஏழு தலைப்பாகை, ஏழு மீசை. மீசை எல்லாம் அவர்களுடைய சவுரி முடியை வெட்டித் தீப்பெட்டிப் பசையில் ஒட்டியது. மந்திரி சபை கூடியிருக்கிறதாம். குடத்தோடு வந்து தண்ணீர் கேட்கும் பெண்ணாக நடிக்க மட்டும் யாரும் சம்மதிக்கவில்லையாம். எல்லாருக்கும் மந்திரியாகத்தான் ஆசை. கடைசியில் ஆபீஸ் லாரி டிரைவர் மாரியப்பன் சேலை கட்டி வந்தான். அவன் மீசையை எடுக்க ஒப்புக்கொள்ளாததால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே நாடகம் முழுக்க நாணிக் கோணி நின்றான். அந்த மேடையில் இருந்த ஒரே நிஜ மீசை சேலைக்குள் ஒளிந்திருந்தது. கூட்டம் உருண்டு சிரித்தது. முதலாளிக்கும் சிரித்துச் சிரித்து வயிறு குலுங்கியது.

அப்போது ஏழு பேரில் தலைமை மந்திரி முன்னால் வந்தார். தோள் துண்டில் இரண்டு தட்டு. இடது கையில் வேட்டி நுனி. வலது காலை லேசாக இழுத்து இழுத்து ஒரு நடை. அந்த நடையை நான் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் பார்க்கிறவன். மந்திரி மைக் முன்னால் நின்று, கட்டைக்குரலில் "ஆவன செய்யப்படும்!" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பொட்டலே அதிர்ந்தது. என் கையிலிருந்த சோடாப் பாட்டில் நழுவி மண்ணில் விழுந்தது. வேட்டியின் கரையை அடையாளம் கண்டுகொண்டேன், அது என்னுடையது.

அடுத்து, செத்துப்போன தெருக்குழாய்க்கு மந்திரிமார் துக்கம் கேட்க வந்தார்கள். மீசை வைத்த ஏழு பேரும் வட்டமாகக் குனிந்து, மாரடித்து, அசல் ஒப்பாரி ராகத்தில் எடுத்தார்கள்:

"தெருவோரம் நின்னவளே, தேனாட்டம் தந்தவளே,
காத்த மட்டும் எங்களுக்குக் காணிக்கையா விட்டவளே!"

முதலாளி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். தலையைத் திருப்பாமலே என்னைக் கேட்டார்: "என்ன கணக்குப்பிள்ள, யாருய்யா அது? நான் நடக்குத மாதிரியே நடக்கா?"

மீசைக்கும் தலைப்பாகைக்கும் நடுவில் ஆளை அடையாளம் தெரியாதுதான். 'வெளியூர்ப் பிள்ளை போல, முதலாளி' என்று சொல்லிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆனால் மேடையில் அவள் ஒற்றையாளாக மேல்ஸ்தாயிக்குப் போனாள். இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும், அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது. பின்னால் சாக்கில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "அடி ஆத்தி, கொல்லுதாளே!" என்று துண்டை வீசினார்.

"எம் பொஞ்சாதி, முதலாளி" என்றேன்.

அவர் இப்போது திரும்பினார். "உம்ம பொஞ்சாதியா?"

"ஆமா முதலாளி. பாட்டும் அவ கட்டினதுதான்." கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

நாடகம் முடிந்ததும் அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். கோபித்துக்கொண்டு போயிருக்கலாம், போகவில்லை, மேடை ஏறினார். அந்தத் தைரியத்தை இன்றைக்கும் மதிக்கிறேன். மைக்கைப் பிடித்தவர், பழக்கதோஷத்தில், துண்டை இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். அவர் வாயைத் திறக்கும் முன்னால் மொத்தக் கூட்டமும், சின்னப் பிள்ளைகள் உட்பட, ஒரே குரலில் சொல்லிற்று: "ஆவன செய்யப்படும்!"

அவர் துண்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கிக் காரில் ஏறிப் போய்விட்டார். அவருக்கென்று வாங்கிவைத்த கடம்பூர் போளியை, மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு மந்திரி சபை தின்று தீர்த்தது. பாதி மீசை பிய்ந்து தொங்க, நெய் வழிய, செண்பகம் என்னிடம் ஒரு போளியை நீட்டினாள்.

"முதலாளி ஏதும் கேட்டாவளா?"

"கேட்டாரு. நீதான்னு சொல்லிட்டேன்."

அவள் மென்று கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பொறவு?"

"பொறவு என்ன, பாட்டும் நீ கட்டினதுன்னு சொன்னேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மயில்துத்தம் கலந்த பசை எரிகிறது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திங்கட்கிழமை போனபோது என் நாற்காலியில் வேறொருவர் இருந்தார். குடோனில் குச்சி மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் சோற்றுவேளையில், குச்சி அடுக்கும் பெண்கள் கூட்டமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஏட்டி, இந்தா இருக்காவ பாரு, மந்திரி வீட்டுக்காரரு!" என்றாள் ஒருத்தி. அதுவரை செண்பகம்தான் கணக்குப்பிள்ளை பொஞ்சாதி. நாற்காலி போன நாளில் கிடைத்த அந்தப் பட்டத்துக்காக, நான் குடோனிலேயே மூன்று வருடம் சந்தோஷமாக இருந்தேன். நான் சொல்லாமலே செண்பகம் மறுபடியும் குச்சி அடுக்க வந்தாள். ஆடி பிறக்கும் முன்னால் தெருமுனையில் புதுக்குழாய் வந்தது. நாடகத்தால் வந்ததா, தேர்தல் நெருங்கியதால் வந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. தெருவில் கேட்டால் நாடகம் என்றுதான் சொல்வார்கள்.

ஓட்டப்பிடாரம், மணியாச்சிப் பக்கமெல்லாம் கூப்பிட்டு அந்த நாடகத்தைப் போட வைத்தார்கள். பிறகு மிஷின் தீப்பெட்டி வந்தது, ஆபீஸை மூடினார்கள். ஆளுக்கொரு திசையாய்ப் போனார்கள். திருப்பூருக்கு நாலு பேர், சென்னைக்கு இரண்டு பேர். முதலாளி காலமாகிவிட்டார். மாரியப்பனும் இல்லை. பொட்டலில் இப்போது குளிர்சாதனக் கல்யாண மண்டபம். அன்றைக்கு வந்திருந்த போட்டோக்காரர், முதலாளிக்கு மாலை போட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு கேசட்டில்கூட யாரும் பிடித்து வைக்கவில்லை. நாடகத்தின் பதினோரு பாட்டுகளில் செண்பகத்துக்கு இப்போது இரண்டுதான் முழுசாக ஞாபகம் இருக்கிறது. போன வாரம் திருப்பூரில் இருக்கும் பழைய மந்திரி ஒருத்திக்குப் போன் போட்டு, மூன்றாவதை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தது, இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி போனது, அப்புறம் இரண்டு பக்கமும் நின்றுவிட்டது. நெடுநேரம் போனைக் காதில் வைத்தபடி, இருவரும் ராகத்தை மட்டும் முனகிக்கொண்டிருந்தார்கள்.